ஒளி ஒளியோடு முட்டிக்கொள்ளாது

இருட்டில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று டார்ச் அடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. இவர் வெளிச்சம் அவர் மூக்கில் விழும், அவர் வெளிச்சம் இவர் மூக்கில் விழும். நடுவழியில் இரண்டும் முட்டிக்கொண்டு, ஒன்றாகச் சேர்ந்து, விர்ரென்று கூரையைப் பார்த்துக் கிளம்பாது. இது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எங்கள் கம்ப்யூட்டர் நிரலுக்குத் தெரியாது. அந்த நிரலைக் கட்டிக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிரலின் பெயர் குவோல். இந்தத் தீவின் காடுகளில் திரியும் புள்ளி போட்ட சின்ன மிருகம் அது, கோழி திருடும். கிரேம் லாதம் அந்தப் பெயரை வைத்தபோது ஏதோ காரணம் சொன்னான், மறந்துவிட்டது. கிரேம்தான் எங்கள் பேராசிரியர், நிரலை முதலில் எழுதியவனும் அவன்தான். கருந்துளையைச் சுற்றி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுழன்று விழும் வாயு எப்படி நடந்துகொள்ளும், அதிலிருந்து கிளம்பும் ஒளி எந்தப் பக்கம் போகும், போகிற வழியில் வாயுவை எப்படித் தள்ளும், இதையெல்லாம் கணக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு.

வாயு கஷ்டம்தான், ஆனால் முடியும். ஒளிதான் உயிரை வாங்கும். இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அத்தனை திசையையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் கம்ப்யூட்டருக்கு நாக்குத் தள்ளிவிடும். அதனால் ஒரு குறுக்குவழி. ஒரு கட்டத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது, மொத்தத்தில் அது எந்தப் பக்கமாகச் சாய்ந்து போகிறது, இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுவது. அதாவது ஒளியைத் தண்ணீராக நடத்துவது. பெரும்பாலான இடங்களில் இது நன்றாகவே ஓடும். எதிரெதிரே இரண்டு கற்றைகள் வரும் இடத்தில் மட்டும் மானத்தை வாங்கிவிடும். இரண்டு குழாய்த் தண்ணீரை எதிரெதிரே பீய்ச்சினால் நடுவில் மோதி மேலே எழும்புமே, எங்கள் ஒளியும் அப்படி எழும்பும்.

இது ரகசியம் இல்லை. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் ‘குறைகள்’ என்று ஒரு பத்தி வரும். அதில் ஒரு வரி போடுவோம்: எதிரெதிர் வரும் ஒளியை இந்த முறை சரியாகக் கையாளாது. போட்டாகிவிட்டது, பாவம் கழிந்தது. பிறகு அதே முறையில் வந்த முடிவை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக்கூட மன்னித்துவிடலாம். நாங்கள் மறைப்பதே இல்லை. இலையின் ஓரத்தில் எல்லாரும் பார்க்க வைத்துவிட்டு, யாரும் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் சாப்பிடுவோம்.

டெக்லன் ரூக்கும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். நாற்பதைத் தாண்டியவன். லைடன், டூசான், ட்சுகுபா என்று ஊர் ஊராகத் தற்காலிக வேலையில் உருண்டு, கடைசியில் பிறந்த தீவுக்கே, ஹோபார்ட்டுக்கே வந்து சேர்ந்தவன். இங்கேயும் தற்காலிகம்தான், வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு. அவன் மனைவி பிரையனி ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடி, புதிதாக ஒரு மொழியில் பால் வாங்கக் கற்றுக்கொண்டு, அது நாக்கில் படிவதற்குள் பெட்டி கட்டியவள். இப்போது அவள் அம்மா பக்கத்தில் சிக்னெட் என்ற ஊரில் தனியாக இருக்கிறாள், மகளைப் பார்த்தே யார் நீ என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். பிரையனி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: இதுதான் கடைசி ஊர். இங்கே நிரந்தர வேலை கிடைத்தால் கருந்துளை. இல்லையென்றால் கருந்துளையைத் தலை முழுகிவிட்டு வேறு வேலை பார்.

அந்த நிரந்தர வேலை விளம்பரமாகி வந்தது. எங்கள் துறையில் அது அத்தி பூத்தாற்போல. அப்படிப் பூத்த நேரத்தில் டெக்லன் கையில் ஒரு கண்டுபிடிப்பும் இருந்தது. அளவுக்கு மீறித் தீனி விழுந்த கருந்துளை ஒன்றை அவன் குவோலில் ஓட்டிப் பார்த்தான். விழும் வாயு உப்பித் தடித்து, நடுவில் ஒரு புனல் விட்டுச் சுழன்றது. அந்தப் புனலின் சுவர்களிலிருந்து கிளம்பிய ஒளி, நடு அச்சில் ஒன்றுகூடி, ஒரு தூணாக மேலே பாய்ந்தது. அந்தத் தூண் வாயுவையும் தூக்கிக்கொண்டு போனது. வானத்தில் ஏன் சில கருந்துளைகள் இருக்க வேண்டிய அளவைவிட அவ்வளவு பிரகாசமாகத் தெரிகின்றன என்பதற்கு அது ஒரு விடை. கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தூண் என்றே பெயர் ஆகிவிட்டது. வேலை டெக்லனுக்குத்தான் என்று காப்பி இயந்திரத்துக்குக்கூடத் தெரியும்.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் நான் சாப்பாட்டு அறையில், சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்றைப் பிட்டு ஊதிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தான்.

“மார்னி, உன் புது முறை தயாரா?”

புது முறை என்றால், ஒளியின் திசைகளைத் தனித்தனியாகவே கணக்கிடும் பகுதி. குவோலுக்காக நான் வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தது. மெதுவானது, கம்ப்யூட்டர் நேரத்தை மணிக்கணக்கில் தின்று தீர்ப்பது, ஆனால் ஒளியை ஒளியாக நடத்துவது.

“சோதனை எல்லாம் பாஸ் ஆயிடுச்சு. நிஜ வேலைக்கு இன்னும் விடல. ஏன் கேக்குற?”

“தூணை அதுல ஓட்டிப் பாக்கலாம்னு.”

“இப்பவா? நேர்காணலை வெச்சுக்கிட்டா? அது முடியட்டும், அப்புறம் தினமும் ஓட்டு, யாரு வேணாம்னா?”

“அப்புறம் மணி இருக்காதே.”

அது உண்மை. கான்பெராவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் எங்களுக்குக் காலாண்டுக்கு இவ்வளவு மணி நேரம் என்று ஒரு பங்கு உண்டு. செலவழிக்காத மணி காலாண்டு முடிந்ததும் காற்றோடு போய்விடும். போவதோடு நிற்காது, மிச்சம் வைத்தான் என்று அடுத்த முறை பங்கையும் குறைப்பார்கள். அதனால் கடைசி வாரத்தில் ஆளாளுக்கு இலை எடுப்பதற்கு முன்னால் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிற மாதிரி, தேவையோ இல்லையோ எதையாவது ஓட்டுவோம். அந்தக் காலாண்டில் மிச்சம் நிறைய இருந்தது.

“யாராவது ஒருத்தர் கேப்பாங்க, மார்னி,” என்றான். “எதிரெதிர் ஒளி முட்டிக்கிற குறை உன் தூணை பாதிக்கலையான்னு. குறைகள் பத்தியில எழுதியிருக்கேன்னு வழியச் சொல்றியா? ஓட்டிப் பாத்தேன், தூண் அப்படியே நிக்குதுன்னு ஒரு படத்தைப் போட்டேன்னா அவ்வளவுதான், வாயத் திறக்க மாட்டாங்க.”

“நிக்கலேன்னா?”

“நிக்கும்.”

“தெனாவெட்டைப் பாரு.”

“பாதி கொறஞ்சாக்கூடப் போதும் எனக்கு. பாதி இருந்தாலே கணக்கு சரியா வருது. முழுசும் காணாமப் போகுமா என்ன? நீயே சொல்லு.”

நான் யோசித்துப் பார்த்தேன். முழுவதும் காணாமல் போகும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்கு வேறு ஒரு சபலமும் இருந்தது. நான் எழுதிய பகுதி முதன்முதலாக ஓடப்போவது அத்தனை பேர் பேசுகிற தூணின் மேல் என்றால் யாருக்குத்தான் கசக்கும். வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகச் சேர்ந்து ஓடவிட்டோம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைச் சிரித்துக்கொண்டே செய்தோம்.

திங்கட்கிழமை காலையில் மலையெல்லாம் பனி. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உச்சிக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டது தெரிந்தது. டெக்லன் எனக்கு முன்பே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். திரையில் படம் இருந்தது. புனல் இருந்தது, சுவர் இருந்தது, சுவரிலிருந்து கிளம்பிய ஒளியும் இருந்தது. தூண் இல்லை.

இந்தச் சுவரின் ஒளி நேராக எதிர்ச் சுவருக்குப் போனது. அந்தச் சுவரின் ஒளி இந்தச் சுவருக்கு வந்தது. நடுவில் ஒன்றையொன்று கடந்து, எதுவும் நடக்காததுபோலப் போயின. எதிர்ச் சுவரில் விழுந்த ஒளியில் பெரும்பகுதி அங்கே வாயுவில் சிக்கிக்கொண்டு, வாயுவோடு சேர்ந்து கருந்துளைக்குள்ளேயே போய்விட்டது. மேலே வந்தது சொற்பம். தூண் நின்ற இடத்தில் மங்கலாக, நிறம் கொஞ்சம் மாறியிருக்கிறதா இல்லையா என்று கண்ணை இடுக்கிப் பார்க்கும்படி ஒரு கசிவு.

“உன் ப்ரோகிராம்ல தப்பு இருக்கு,” என்றான்.

“இருக்கலாம்.”

“இருக்கணும், மார்னி.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது சண்டை போடத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதியதில் தப்பு இருக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கதவைச் சாத்திக்கொண்டு வரி வரியாகப் படித்தோம். அவன் உரக்கப் படிப்பான், நான் இது எதற்கு, அது எதற்கு என்று சொல்வேன். நாள் முழுக்க ஒன்றும் சிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிக்கியது. திசைகளைச் சுற்றி எண்ணிக்கொண்டு வரும் இடத்தில், நேர் மேலே போகும் திசையைத் தொடக்கத்தில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையுமாக இரண்டு முறை எண்ணியிருந்தேன். என் சோதனைகளிலெல்லாம் ஒளியைப் பக்கவாட்டில் விட்டே பார்த்திருந்ததால் அது மாட்டவே இல்லை. வெட்கக்கேடு. ஆனால் டெக்லன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“தாயே, நீ நல்லா இருப்ப. இவ்வளவு சந்தோஷமா யாரும் உன் தப்பைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க.”

அவனுக்கு உடனே உறைக்கவில்லை. எனக்கு உறைத்துவிட்டது.

“டெக்லன், கொஞ்சம் உக்காரு.”

“என்ன?”

“மேல போற ஒளியத்தான் ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உட்கார்ந்தான்.

மேலே போகும் ஒளியை இரட்டிப்பாக எண்ணியே தூண் நிற்கவில்லை. சரியாக எண்ணினால் அந்தக் கசிவும் பாதியாகும். என் பிழை அத்தனை நேரமும் அவன் பக்கம் நின்று அவனுக்குத்தான் உதவி செய்துகொண்டிருந்தது. இருந்தாலும் திருத்தி, கட்டங்களைப் பெரிதாக வைத்து, மிச்சம் இருந்த மணியில் மறுபடி ஓட்டினோம். புதன்கிழமை காலை படம் வந்தது. அதில் கண்ணை இடுக்கிப் பார்க்கவும் எதுவும் இல்லை.

இரண்டு பேருமாக கிரேமிடம் போனோம். கிரேம் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“நாளைக்குப் பேசறப்ப இதைக் காட்டப் போறியா?”

“காட்டாம எப்படி?” என்றான் டெக்லன்.

“எதுக்குக் காட்டணும்? கட்டுரை வந்தாச்சு. அதுல குறைகள் பத்தியில அந்த வரி இருக்கு. நானே பாத்துத்தான் போட்டேன். பொய் சொல்லுன்னு நான் சொல்லல. கேட்டா சொல்லு. கேக்கலேன்னா நீயா எடுத்து விடாத.”

“அந்த வரி எழுதறப்ப நமக்குத் தெரியாது. இப்பத் தெரியுமே, கிரேம்.”

“என்ன தெரியும்? மார்னியோட முறை இன்னும் வெளியவே வரல. அவளைத் தவிர யாரும் தொட்டுப் பாக்கல. நேத்துதான் அதுல ஒரு ஓட்டை கண்டுபிடிச்சீங்க. இன்னொரு ஓட்டை இல்லேன்னு யாரு சத்தியம் பண்றது? ஆறு மாசம் போகட்டும். நல்லா சோதிச்சு, நிதானமா எழுது. நிரந்தர நாற்காலில உக்காந்துக்கிட்டு எழுது. அதுதான் நான் சொல்றது.”

“ஓட்டை இருந்தா நான் சொல்ல மாட்டேனா?” என்றேன். குரல் எழும்பிவிட்டது. “இப்ப இருக்கிறது சரி, கிரேம். உனக்கே தெரியும் அது சரின்னு. குறுக்குவழின்னு இருபது வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கோமே, அதுதான் ஓட்டை.”

“உன்னை நான் ஒண்ணும் சொல்லல, மார்னி.”

“என்னைத்தான் சொன்ன.”

கிரேம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். டெக்லன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்று மாலை பிரையனி வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் என் கார் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள், ஆற்றுப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தாள், சட்டைக் கையில் சாக்பீஸ் தூளும் பசையும்.

“நீ சொன்னா கேப்பான், மார்னி.”

“என்ன சொல்லணும்?”

“அந்தப் புதுப் படத்துல உனக்குக் கொஞ்சம் சந்தேகமா இருக்குன்னு சொல்லு. தப்புன்னு சொல்ல வேணாம். கொஞ்சம் சந்தேகம். அது போதும் அவனுக்கு. நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருப்பான்.”

“எனக்குச் சந்தேகம் இல்லையே, பிரையனி.”

“ஒரு துளிகூடவா?”

“ஒரு துளிகூட இல்ல.”

“எங்க அம்மா நேத்து என்னைப் பக்கத்து வீட்டுக்காரின்னு நெனச்சு டீ போட்டுக் குடுத்தாங்க,” என்றாள். “எங்களால இனிமே எங்கயும் போக முடியாது. இது கிடைக்கலேன்னா அவன் விட்டுடுவான். விட்டா அவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கருந்துளையே வந்து, என்னைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டான்னு கோவிச்சுக்கப் போகுதா? ஒரு வார்த்தை. உன் வாயால ஒரே ஒரு வார்த்தை.”

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேர்மைக்காகச் சொன்னேன் என்று பெருமையடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளே இருந்தது ரோஷம். கிரேம் என் நிரலில் ஓட்டை என்று சொன்ன அதே நாளில், நானே என் வாயால் அதை ஒப்புக்கொள்வதா? பிரையனி சரி என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தாள்.

வியாழக்கிழமை நேர்காணலில் முதலில் பேச்சு, அதை யாரும் வந்து கேட்கலாம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டெக்லனுக்கு முன்னால் பெர்த்திலிருந்து வந்த சாஸ்கியா பெல் பேசினாள். அவளும் குவோல்தான், அதே குறுக்குவழிதான், இன்னும் பெரிய கருந்துளை, இன்னும் பெரிய தூண். அழகாகப் பேசினாள். எதிரெதிர் ஒளியைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. தேர்வுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் நிலவியல், ஒருவர் பொறியியல், ஒருவர் நிர்வாகம். கேட்கத் தெரிந்தவன் கிரேம் ஒருவன்தான். அவன் கேட்டிருக்கலாம். கேட்டால் தன் இருபது வருஷத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கவில்லை.

பிறகு டெக்லன் எழுந்தான். தூணைக் காட்டினான். எப்படி வந்தது, எத்தனை பேர் பேசினார்கள் என்று சொன்னான். அடுத்த படத்தைப் போட்டான். தூண் இல்லாத புனல். இதுதான் சரி, முதலாவது தப்பு, அது எங்கள் கணக்கு முறை உண்டாக்கியது, வானத்தில் அப்படி எதுவும் இல்லை என்றான். கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பொறியியல் அம்மா மரியாதையாகத்தான் கேட்டாள்.

“அப்படீன்னா, உங்க முக்கியமான பங்களிப்புன்னு நாங்க எதை எடுத்துக்கறது?”

“அது இல்லைங்கறதைத்தான்,” என்றான்.

எல்லாரும் கை தட்டினார்கள். சாஸ்கியாவுக்குத் தட்டியதைவிட அதிகமாகவே தட்டினார்கள். வெளியே வந்ததும் நிலவியல்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, இந்த மாதிரி நேர்மை இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்றார். அந்த மாதிரிப் பாராட்டுகளை நான் கேட்டிருக்கிறேன். ஆள் போய்ச் சேர்ந்த பிறகு, சர்ச் வாசலில் நின்று சொல்வார்கள்.

அடுத்த வாரம் கிரேம் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கதவு திறந்துதான் இருந்தது, பக்கத்து அறையில் எனக்கு எல்லாம் கேட்டது.

“உன்னைப் பத்தி அவ்வளவு நல்லா பேசினாங்க, டெக்லன். அதை நீ தெரிஞ்சுக்கணும்.”

“சாஸ்கியாவா?”

“ஆமா. அவகிட்ட ஒரு தெளிவான முடிவு இருக்குன்னாங்க. அதை மேல கொண்டு போலாம்னாங்க.”

“அது என் முடிவுதானே, கிரேம். அதே தூண்தானே.”

“தெரியும்பா.”

“தப்புன்னு சொன்னவனை விட்டுட்டு தப்பையே எடுத்துக்கிட்டீங்களா?”

டெக்லன் கத்தவில்லை, கதவை அறையவில்லை. என் அறை வாசலில் வந்து நின்று, சாப்பிடப் போகலாமா என்றான். போனோம். நானும் அழுதேன், அவனும் அழுதான், பக்கத்து மேசையில் இருந்த மாணவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்கள்.

ஒப்பந்தம் முடிவதற்குள் அவன் ஒரு காரியம் செய்தான். தூண் தப்பு என்று ஒரு சின்னத் திருத்தக் கட்டுரை எழுதி, என் பெயரையும் போட்டு வெளியிட்டான். கிரேமும் கையெழுத்துப் போட்டான், அதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திருத்தத்தை யாரும் சீந்தவில்லை. பழைய கட்டுரையைத்தான் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். போன மாதம்கூட ஒரு கட்டுரை வந்தது, தூண் எப்படி வளையும் என்று. இல்லாத தூண் வளைகிறதாம், அதற்குப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு.

டெக்லன் இப்போது சால்மன் மீன் வளர்க்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறான். கடலில் கட்டிய கூண்டுகளைச் சுற்றி நீரோட்டம் எப்படிப் போகும், எந்த மூலையில் மீனுக்கு மூச்சுத் திணறும் என்று கணக்குப் போடுகிறான். நல்ல வேலை, அவர்கள் அவனை மதிக்கிறார்கள். அவன் வீட்டுக்கு நான் ஒருமுறை போனபோது புத்தக அலமாரி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டானாம். பிரையனி அதைப் பற்றிப் பேசாதே என்று கண்ணால் சொன்னாள்.

சாஸ்கியா வேலையில் சேர்ந்த முதல் வாரம் என் அறைக்கு வந்தாள். கையில் எனக்கும் சேர்த்து ஒரு காப்பி வாங்கி வந்திருந்தாள். நல்ல பெண்தான். அவளைத் திட்டினால் எனக்கு நாக்கு அழுகும்.

“மார்னி, உங்க புது முறையை ஓட்டிப் பாத்தேன். பிரமாதம். ஆனா ஒரே ஓட்டம் என் காலாண்டுப் பங்குல பாதியை முழுங்கிடுது.”

“ஆமா, முழுங்கும்.”

“எனக்கு முதல் ரெண்டு வருஷத்துல நாலு கட்டுரையாவது காட்டணும். காட்டலேன்னா நிரந்தரம்னு பேருதான், வெச்சுக்க மாட்டாங்க. அதனால நீங்க எடுத்து வெச்சுட்ட பழைய முறையைத் திருப்பிப் போட்டுக் குடுக்க முடியுமா? குறைகள் பத்தியில எழுதிடறேன். டெக்லன் எழுதின திருத்தத்தையும் அதுல சொல்லிடறேன்.”

வாயில் வந்தது ஆயிரம். காப்பியோடு சேர்த்து விழுங்கினேன். அவள் கேட்பதில் என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். என் ஒப்பந்தமும் வருஷத்துக்கு வருஷம்தான், குவோல் அவள் பொறுப்புக்கு வந்துவிட்டதால் அதில் இனிமேல் கையெழுத்துப் போடப்போவது அவள்தான். ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே ஓடத் தொடங்கியது, அடுத்த வாரம் அழகான தூண் வந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து வாசல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை மார்கேட் என்ற கடலோர ஊருக்கு மீன் வாங்கப் போனவள் அவர்களைப் பார்த்தேன். டெக்லனும் பிரையனியும் படகுத்துறைப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். டெக்லன் இளைத்திருந்தான். எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். வானிலை, மீன் கூண்டுக்குள் புகுந்த கடல்நாய், பிரையனியின் அம்மா என்று என்னவோ பேசினோம். பேச்சு ஓய்ந்தபோது, கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“உன் புது முறையை யாராவது ஓட்டறாங்களா, மார்னி?”

இத்தனை மாதத்தில் அவன் அந்த உலகத்தைப் பற்றி வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பிரையனி சிப்ஸ் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“ஓட்டறாங்க,” என்றேன்.

“யாரு?”

“எல்லாரும். பழசை யாரும் தொடறதே இல்ல. சாஸ்கியாகூட அதுலதான் ஓட்டறா. உன் படத்தைப் பாத்ததுக்கப்புறம் வேற எப்படி ஓட்டுவாங்க?”

டெக்லன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். முகத்தில் எதுவோ தளர்ந்து இறங்கியது, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

“அப்ப சரி,” என்றான். “அப்ப வீணாப் போகல.”

எழுந்து, கடையில் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வருகிறேன் என்று போனான். அவன் அப்படி வேகமாக நடந்து நான் பார்த்து வெகுநாள் ஆகிறது. அவன் போவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிரையனி என் பக்கம் திரும்பினாள். அவளிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் புரிந்துவிட்டிருந்தது.

“உனக்குப் பொய் சொல்ல வருது, மார்னி,” என்றாள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”